அர்த்தநாரியின் இடக்காது

ஒரு செவியில் தோடும் மறுசெவியில் குழையும் விளங்க, ஓருடலில் இருவராய்த் திருச்செங்கோட்டு மலைமேல் நின்றருளும் அம்மையப்பனை முதலில் நெஞ்சில் இருத்திக்கொள்வோம். அழுகிறவன் குரலும் பாடுகிறவன் குரலும் ஒன்றுபோலச் சென்று சேர்கிற அந்தத் திருச்செவிகள் அறியாமல் இங்கே எந்த ஓசையும் எழுவதில்லை, அடங்குவதுமில்லை. அப்பெருமானின் பெயரையே தன் பெயராகத் தாங்கிய அர்த்தநாரி, இருபத்தொன்பது வயதுக்காரன், சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு காது மருத்துவரின் மாடியில், சிறிய கண்ணாடிச் சன்னல் வைத்த கூண்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலை பதினொன்றரை மணி. வலக்காது முடிந்துவிட்டது. இனி இடக்காது. சன்னலுக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் ரிஸ்வானா தன் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தாள். அவள் சொன்ன விதி எளிது. ஹெட்போனில் அவ்வப்போது ஒரு சின்ன ஒலி வரும். எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதைக் கற்பதற்குப் பெரியோர் ஓர் ஆயுளையே செலவிட்டார்கள், எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் அந்த விசில் வந்துவிட்டது. வந்துவிட்டது என்பதும் பிழை. அது போகவே இல்லை. தெருவின் இரைச்சலில் ஒதுங்கிக் கிடந்தது, இந்தக் கூண்டின் அடர்ந்த அமைதியில் தலை நிமிர்ந்து நின்றது. அணைக்க மறந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வருமே, அந்த மெல்லிய கீச்சொலி. பதினாறு நாளாக இடக்காதில் குடியிருக்கிறது. சாப்பிடும்போது, லாரி ஆபீசில் கணக்கு எழுதும்போது, குளிக்கும் தண்ணீர் நின்ற பிறகு. இயந்திரம் அனுப்பும் ஒலி எது, தன் தலைக்குள் இருப்பது எது என்று எப்படிப் பிரித்தறிவது என்று அவளிடம் கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. கேட்டால் விசில் இருப்பதை மீண்டும் ஒருமுறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

சொல்லாமல் இருப்பதில்தான் பதினாறு நாளும் கழிந்தன. ஈரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி ஆண்டுவிழா. மேடையில் டிரம்ஸ் வாசிப்பவனுக்கென்று வைக்கும் ஸ்பீக்கரை அவன் இடக்காதுக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்துவிட்டார்கள். முதல் பாட்டின் நடுவிலேயே காதுக்குள் ஏதோ சுருங்கியது தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். எழுநூறு பிள்ளைகள் எழுந்து நின்று கத்தும்போது எவன் நிறுத்துவான். பையில் காதடைப்பான்கள் கிடந்தன. காதை மூடிக்கொண்டு வாசிப்பவன் வாசிப்பவனே அல்லன் என்று எந்த மடையனோ எப்போதோ சொன்னதை ஆறு வருடமாக வேதவாக்காக வைத்திருந்தான். ஆறு வருடம். இசைக்குழுவுக்குக் 'கரடு' என்று பெயர் வைத்து நால்வர் சேர்ந்து ஆறு வருடம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய ஜவ்வரிசிக் குடோனில் சனிக்கிழமைதோறும் ஒத்திகை. பெரிய டிரம்மை மிதிக்கும்போதெல்லாம் விட்டத்திலிருந்து வெள்ளை மாவு உதிரும். பாட்டு முடிந்து பார்த்தால் பூங்கோதையின் தலைமுடி நரைத்திருக்கும். அவள்தான் பாட்டு எழுதுகிறவள், பாடுகிறவள். அவளும் சாலமோனின் கிட்டாரும் இல்லாவிட்டால் கரடு இல்லை. தான் இல்லாவிட்டால்? அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டிய துணிபோல நின்றது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் திறந்தவெளி மேடை. சுவரொட்டியில் ஐந்து பெயர்கள். கடைசியில், மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில், கரடு. அந்தச் சிறிய எழுத்தைப் பூங்கோதை செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள், படம் சிதறிப் புள்ளிகளாகும் வரைக்கும். அவளிடம் எப்படிச் சொல்வது. மருத்துவர் காலையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: உள்ளே நரம்பு பலவீனப்பட்டிருந்தால் அது திரும்ப வராது, அப்படியென்றால் இனிமேல் பெருஞ்சத்தத்தின் பக்கமே போகக்கூடாது. கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கம் நின்றுவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தான். டிரம்ஸ் என்று சொல்லவில்லை. படிவத்தில் தொழில் என்ற இடத்திலும் லாரி ஆபீஸ் கணக்கர் என்றே எழுதினான். எந்தப் படிவத்திலும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறான். பைக்கில் கூட்டிவந்து வெளியே பெஞ்சில் காத்திருக்கும் சாலமோனிடம் சொன்னது மூன்றாவது பொய்: காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். எடுக்கிற அழுக்கை வைத்து ஒரு மெழுகுவத்தி செய்து மாதா கோயிலில் ஏற்றலாம் என்றான் சாலமோன். முடிவை அர்த்தநாரி ஏற்கெனவே எடுத்துவிட்டான். காகிதத்தில் இடக்காது கெட்டிருந்தால் கரட்டை விட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவது. எடுத்த முடிவு வயிற்றில் விழுங்கிய கல்லாகக் கிடந்தது.

ஒலி வந்தது. அமுக்கினான். மறுபடி வந்தது, இன்னும் மெலிதாக. அமுக்கினான். சன்னலுக்கு அப்பால் அவள் முன்னே ஒரு சின்ன விளக்கு எரிந்து அணைந்தது. கேட்கிறது. கேட்கிறதே. வலக்காதிலும் இப்படித்தான் தடையின்றிப் போயிற்று. அவன் வலக்கால் விரல்கள் செருப்புக்குள் மெல்ல அசையத் தொடங்கியிருந்தன. அவை எப்போதும் அசைந்துகொண்டிருப்பவை. பஸ்ஸில், பந்தியில், எழவு வீட்டில்கூட. ஒலி, பிறகு மூன்று தட்டு இடைவெளி, ஒலி, பிறகு நான்கு, மறுபடி ஒலி. ஏழுக்கு ஒரு சுற்று. பூங்கோதையின் மேட்டூர்ப் பாட்டும் ஏழுதான். அந்தப் பாட்டில் மூன்றாவது சரணம் வரும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள், மூடின கண்ணோடு அவன் பக்கம் திரும்பிக்கொள்வாள், எண்ணிக்கை தவறினால் பிடித்துக்கொள்ள அவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில். ஒலி. அமுக்கினான். ஒலி இப்போது ஒலி என்று சொல்ல முடியாத அளவுக்கு நுணுகிவிட்டது, நினைவுக்கும் செவிக்கும் நடுவே ஒரு நூலிழை, ஆயினும் கட்டைவிரல் தயங்கவில்லை, மூன்று, நான்கு, அமுக்கு, மூன்று, நான்கு, அமுக்கு. எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. அப்போது சன்னலின் அந்தப் பக்கம் கதவு திறந்தது. கீழேயிருந்து ஓர் ஊழியர் ஒரு ஃபைலை நீட்டினார். ரிஸ்வானா இயந்திரத்தில் ஒரு பொத்தானைத் தட்டி நிறுத்திவிட்டு, திரும்பி, ஃபைலை வாங்கி, கையெழுத்துப் போட்டாள். அவள் திரும்பியிருந்த அந்த நேரத்தில் மேசை மேலிருந்த சின்ன விளக்கு எரிந்தது. அணைந்தது. மூன்று தட்டுக்குப் பின் மறுபடி எரிந்தது. அர்த்தநாரி தன் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தான். இயந்திரம் நின்றிருந்தது. அவன் அமுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் பார்க்கவில்லை. திரும்பி வந்து இயந்திரத்தை மீண்டும் ஓட விட்டாள், அவனைப் பார்த்துத் தலையசைத்தாள், காகிதத்தில் ஏதோ குறித்தாள். அவள் பார்க்கவில்லை என்பது முதலில் ஒரு குளிர்ச்சியாக அவனுள் இறங்கியது. காகிதம் நன்றாக வரும். நல்ல காகிதம் வந்தால் முடிவு தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, பூங்கோதையின் சிறிய எழுத்து இருக்கிறது. யாரை ஏமாற்றினேன்? இந்தக் காகிதத்தை யாரும் கேட்கவில்லையே. மருத்துவர் என் பெயரைக்கூட நாளைக்கு மறந்துவிடுவார். அப்படியானால் யாருக்காக இங்கே வந்து உட்கார்ந்தேன்? அந்தக் கேள்வி ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்தது. வலக்காதும் அப்படித்தானா? அதையும் எண்ணித்தான் அமுக்கினேனா? எது கேட்டது, எது எண்ணியது? ஆறு வருடத்தில் எத்தனை முறை பூங்கோதை பாடியதைக் கேட்டு வாசித்தேன், எத்தனை முறை அவள் வர வேண்டிய இடம் தெரிந்து வாசித்தேன்? ஒருவேளை பல நாளாகவே கேட்கவில்லையோ, கணக்கு மட்டும்தான் வாசித்துக்கொண்டிருந்ததோ? உள்ளங்கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது. அடுத்த ஒலிக்கான இடம் வந்தது, அவன் அமுக்கவில்லை; ஒலி வந்ததா இல்லையா என்று சத்தியமாகத் தெரியவில்லை. சுவாமி சந்நிதியில் கண் மூடி நிற்பவனுக்கு ஒரு கணம் வருமே, இத்தனை நாள் சொன்ன மந்திரத்தை நா மட்டும் சொல்லிற்றா நெஞ்சும் சொல்லிற்றா என்று, அந்தத் திகில். ஹெட்போனைக் கழற்றினான். எழுந்து கூண்டுக் கதவைத் தள்ளினான். வெளியிலிருந்த மின்விசிறியின் இரைச்சல் முகத்தில் மோதியது.

"அதை எழுதாதீங்க மேடம். அது தப்புங்க."

"எது சார் தப்பு?"

"நான் கேட்டு அமுக்கலீங்க. எண்ணி அமுக்கினேன்."

அவளுக்கு விளங்கவில்லை. இயந்திரம் மூன்று, நான்கு என்று ஒரே ஒழுங்கில் ஒலி தருகிறது, அவள் அதை நிறுத்திவிட்டு ஃபைலை வாங்கிய நேரத்திலும் தான் இரண்டு முறை அமுக்கியதாகச் சொன்னான். அவள் படிவத்தை எடுத்துப் பார்த்தாள்.

"லாரி ஆபீஸ்ல கணக்கு எழுதறதா போட்டிருக்கீங்க?"

"அதுவும் செய்றேன். நான் டிரம்ஸ் வாசிக்கிறவன்."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். அறிமுகமில்லாத ஒருவரிடம் அந்த வாக்கியத்தை அவன் வாய் அதற்கு முன் சொன்னதில்லை. ரிஸ்வானா பேனாவைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வந்தது சிரிப்பு.

"போன மாசம் ஒரு தவில்காரரு இதே சேர்ல உக்காந்தாரு. ஒண்ணுகூட விடாம அமுக்கினாரு. பேப்பரப் பாத்து டாக்டருக்கே சந்தோசம். வெளிய போறப்ப அவரு சம்சாரம் பின்னாடி நின்னு கூப்பிடுறாங்க, அவரு பாட்டுக்குப் படியிறங்கிப் போயிட்டே இருக்காரு." அவள் இயந்திரத்தின் ஒரு திருகைத் திருப்பினாள். "மொதல்லயே சொல்லியிருந்தா மிஷின ஓட விடாம நானே கையால ஒவ்வொரு சத்தமா வச்சிருப்பேன். போய் உக்காருங்க. ரெண்டு காதும் மறுபடி. இந்தத் தடவ எண்றதுக்கு உங்களுக்கு ஒண்ணும் தர மாட்டேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். ஓர் ஒலி வந்தது. அடுத்தது வரும் என்று உடல் சாய்ந்து காத்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. நீண்ட வெறுமை. செருப்புக்குள் விரல்கள் அசையப் பார்த்தன. இரண்டு கால்களையும் செருப்பிலிருந்து உருவிக் குளிர்ந்த தரையில் அழுத்தி வைத்துக்கொண்டான். இரண்டு ஒலிகள் அடுத்தடுத்து. மறுபடி வெறுமை. எண்ணுவதற்குப் பிடி கிடைக்காத மனம் கொஞ்ச நேரம் தள்ளாடியது, எதையாவது பற்றிக்கொள்ளத் துழாவியது, ஞாயிற்றுக்கிழமை, சுவரொட்டி, சாலமோனின் மெழுகுவத்தி, லாரி ஆபீசில் முடிக்காமல் வைத்த கணக்கு, பிறகு ஒவ்வொன்றாக நழுவ விட்டது. தன் மூச்சு கேட்டது. எச்சில் விழுங்கிய ஓசை கேட்டது. விசில் கேட்டது, அதோடு மல்லுக்கு நிற்காமல், நீயும் இங்கேயே உட்கார் என்று ஒரு மூலையில் அதற்கும் இடம் விட்டான். அந்த விசிலுக்குப் பக்கத்தில், அதைவிடச் சற்றுத் தாழ்ந்து, அதனினும் மென்மையாக, வேறொன்று வந்து நின்றது. அது தன்னுடையதல்ல என்பதில் ஐயமே இல்லை. வெளியிலிருந்து வருவதற்கு ஒரு மணம் இருக்கிறது. அமுக்கினான். இன்னொன்று, அதைவிட மெல்லியது. அமுக்கினான். பிறகு விசில் நிற்கும் உயரத்திலேயே ஏதோ வந்ததுபோல் இருந்தது, வராததுபோலவும் இருந்தது, அமுக்கவில்லை. தெரியவில்லை என்பதை விரல் நேர்மையாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். விட்ட கணத்தில் தோள்கள் இரண்டும் தாமாக இறங்கின. பதினாறு நாளாக அவை காதுவரைக்கும் தூக்கியிருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது. தேர்வு போய்விட்டது, தீர்ப்பு போய்விட்டது. கேட்டல் ஒன்றே மிச்சம். இப்படி எதையும் எதிர்பாராமல் கடைசியாக எப்போது கேட்டேன்? நினைவில்லை. கூண்டுக் கதவு திறந்து, போதும் சார் என்று அவள் சொன்னபோது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று தோன்றியது.

காகிதத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. வலக்காதின் சிவப்புக் கோடு மேலேயே நேராகப் போயிற்று. இடக்காதின் நீலக் கோடும் அதனோடு கூடவே போய், ஓர் இடத்தில் மட்டும் சாலைக் குழியில் சக்கரம் இறங்கியதுபோல் இறங்கி, மறுபடி ஏறி வந்துவிட்டது. மருத்துவர் அந்தக் குழியின்மேல் பேனாவை வைத்தார். இது சத்தம் செய்த வேலை என்றார். இங்கே குறைந்தது திரும்ப வராது, ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், மற்றதெல்லாம் சேதமில்லை. ரிஸ்வானா படிவத்தில் டிரம்ஸ் என்று சேர்த்திருந்ததைப் பார்த்துவிட்டு, முன்பு கொடுத்தது பொதுவான எச்சரிக்கை என்றார். தொழிலே அதுவென்றால் காதின் அளவுக்குச் செய்த அடைப்பான் போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும், ஸ்பீக்கரை நகர்த்த வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த நாற்காலிக்கு வர வேண்டும். விசில் குறையலாம், குறையாமலும் இருக்கலாம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அர்த்தநாரிக்கு இத்தனையும் கேட்டது, ஆனால் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கியிருந்தது.

"ஞாயித்துக்கெழம வாசிக்கலாங்களா?"

"வாசிங்க. காத மூடிட்டு வாசிங்க."

நடைக்கு வந்ததும் சுவரில் கை வைத்து நின்றான். வயிற்றுக்குள் கிடந்த கல் எப்போது கரைந்தது என்று தெரியவில்லை, அந்த இடத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பசி சின்னப் பிள்ளையைப்போல் கை நீட்டி நின்றது. வாசிக்கலாம். கண்ணில் நீர் வந்ததைத் துடைக்க வெட்கமாக இருந்தது, துடைக்காமல் விடவும் வெட்கமாக இருந்தது. உடனே சந்தேகம் ஒன்று தலை நீட்டியது: இரண்டாவது தடவையும் ஏதாவது எண்ணினேனோ? இல்லை. அமுக்காமல் விட்ட இடங்கள் இருக்கின்றன. அந்தக் குழி இருக்கிறது. பொய்க் காகிதத்தில் குழி விழாது. அந்தக் குழியை அவன் கிட்டத்தட்ட அன்போடு நினைத்துக்கொண்டான், அது ஒன்றுதான் மற்றதெல்லாம் மெய் என்பதற்குச் சாட்சி. கீழே தெருவில் ஒரு பஸ் மூச்சு வாங்கியது, யாரோ எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டார்கள், அது உருண்டு உருண்டு அடங்கும் வரைக்கும் கேட்டான். நடையின் கோடியில் பெஞ்சில் சாலமோன் கால் நீட்டிப் படுத்திருந்தான். அவனிடம் அழுக்குக் கதையையே முடித்துக்கொண்டு போய்விடலாம். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் ஒரு பொய்யைத் திரும்பப் பெற்ற சுகம் இன்னும் உடம்பில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஈரோட்டு ஸ்பீக்கரை, விசிலை, விட்டுப் போவதாக இருந்ததை, எண்ணி அமுக்கியதை, காகிதத்துக் குழியை. சாலமோன் எழுந்து உட்கார்ந்தான். காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"காது போனா என்னடா மாப்ள, நாங்க சொன்னத நீ என்னைக்குக் கேட்ட," என்றான். சொன்னவன் சிரிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நடையின் நடுவிலிருந்த வரவேற்பு மேசைப் பெண்ணிடம் போனான். "அக்கா, இந்த டெஸ்ட்டு எனக்கும் எடுக்கணும். இன்னைக்கே முடியுமா?"

எத்தனை நாளாக என்று அர்த்தநாரி கேட்கவில்லை. கேட்காமலே அவன் முதுகைப் பார்த்தான். இரண்டு தோள்களும் காதுவரைக்கும் தூக்கியிருந்தன. பாவி, நீயுமா. பயம் ஒன்று திரும்பி எழுந்தது, ஆனால் அது காலையில் வந்த பயமல்ல. இருவர் தூக்கினால் எடை பாதியாகும் மூட்டை. ரிஸ்வானா கதவைத் திறந்தாள், சாலமோனை மேலும் கீழும் பார்த்தாள், இவர் என்ன வாசிக்கிறார் என்று அர்த்தநாரியிடம் கேட்டாள். கிட்டார் என்றான் அவன். கையாலேயே வைக்கிறேன் என்று சொல்லி அவள் சாலமோனை உள்ளே அழைத்துப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அர்த்தநாரி பூங்கோதையைச் செல்போனில் அழைத்து, அதை வலக்காதில் வைத்தான், பிறகு வேண்டுமென்றே இடக்காதுக்கு மாற்றினான். ஞாயிற்றுக்கிழமைக்காக இன்று வைத்திருந்த ஒத்திகைக்கு மூன்று மணிக்கு வர முடியாது என்றான். ஏன் என்றாள். அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னான், இப்போது கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சிரித்தும். மறுமுனையில் பேச்சில்லை. அவள் எண்ணுகிறாளா, அழுகிறாளா, திட்டச் சொல் தேடுகிறாளா என்று ஊகிக்க முயலாமல், வருவது வரட்டும் என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தான்.

"அஞ்சு மணிக்கு வாங்க," என்றாள் கடைசியில். குரல் சற்றுக் கரகரத்தது. அந்தக் கரகரப்பும் இடக்காதில் முழுதாக விழுந்தது. "ரெண்டு பேரும் காதோட வாங்க."

இதைப் படித்த கண்களுக்கும், படிக்கக் கேட்ட செவிகளுக்கும் அம்மையப்பன் குறையொன்றும் வைக்காதிருப்பாராக. உங்கள் வீட்டார் மெல்ல அழைக்கும் குரலும் உங்களுக்கு நெடுங்காலம் கேட்கட்டும். நீங்கள் அஞ்சி மறைத்ததைச் சொல்லும் நாளில், அதைக் கேட்பதற்கு ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கட்டும். எல்லோரும் நலமே வாழ்க.